ஒட்சிசனும் அளவறிந்து வழங்கப்பட வேண்டும்

கடும் ஆஸ்துமாவினால் மூச்சுத்திணறும் ஒருவர் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டால், எவ்வளவு கூடுதலாக ஒட்சிசன் வழங்கப்படுகின்றதோ அவ்வளவுக்கு நன்மை என நாம் எண்ணுவது இயல்பே. ஆயினும் ஒட்சிசனும் ஒரு மருந்தாகும். அதற்கும் அளவுண்டு.

ஆஸ்துமா தாக்கும்போது சுவாசக்குழாய்கள் சுருங்கிச் சளியால் அடைபடுகின்றன. அவ்வேளை காற்றுக் குறைந்த பகுதிகளுக்கான குருதியோட்டத்தைச் சுவாசப்பை தானாகவே குறைத்து, காற்றோட்டமுள்ள பகுதிகளுக்குத் திருப்பிவிடுகின்றது. மிதமிஞ்சிய ஒட்சிசன் இவ்வொழுங்கைக் குலைப்பதால், குருதியில் காபனீரொட்சைட்டு தேங்கக்கூடும்.

நியூசிலாந்தில் 106 நோயாளரிடம் நடத்தப்பட்டு 2011ஆம் ஆண்டு வெளியான ஆய்வு இதனை எடுத்துக்காட்டியது. நிமிடத்துக்கு 8 லீற்றர் ஒட்சிசன் பெற்றவர்களில் 44 சதவீதமானோரிடம் காபனீரொட்சைட்டு குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. குருதியின் ஒட்சிசன் செறிவு 93 முதல் 95 சதவீதத்துக்குள் இருக்குமாறு அளந்து வழங்கப்பட்டவர்களில் 19 சதவீதமானோரிடமே அவ்வாறு உயர்ந்தது. பிரித்தானிய வைத்திய வழிகாட்டல் 94 முதல் 98 சதவீதத்தை இலக்காகக் கொள்கின்றது.

இதனைக் கொண்டு ஒட்சிசன் வேண்டாம் என எவரும் முடிவுசெய்துவிடக் கூடாது. செறிவு குறைந்த நோயாளிக்கு அதனைத் தாமதிப்பது உயிருக்கே ஆபத்தானது. அளவிடும் கருவி இல்லையென்பதும் அதனை மறுப்பதற்குக் காரணமாகாது. அதேவேளை, சுருங்கிய சுவாசக்குழாயை ஒட்சிசன் விரிக்கமாட்டாது. சல்பியூட்டமோல், ஸ்டீரொயிட் மருந்துகளும் உடன் வழங்கப்பட வேண்டும்.

விரல் நுனியில் பொருத்தும் சிறு கருவியே செறிவைக் காட்டிவிடும். ஒவ்வொரு அவசர சிகிச்சைப் பிரிவிலும் அக்கருவி இருப்பதும், அது காட்டும் அளவுக்கேற்ப ஒட்சிசன் கூட்டிக் குறைக்கப்படுவதும் அவசியமென்பதே எமது கருத்தாகும்.