குறுக்குவழியும் காப்புப்படியும்

கண்டியினின்று தம்புள்ளைக்குச் செல்லும் பெருவழியில், மாத்தளை நகரைக் கடந்து சிறிது தூரம் சென்றதும், பாறைகளுக்கிடையே அமைந்த அலுவிகாரையைக் காணலாம். கி. மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக ஓதப்பட்டு வந்த பாளித் திரிபிடகம் அங்கே ஏட்டில் எழுதப்பெற்றது என்பது மரபு. பஞ்சமும் போரும் நாட்டை வருத்திய அக்காலத்தில், ஓதுவோர் மடியின் ஓதப்படுவதும் மடியும் என்னும் அச்சமே அம்முயற்சிக்குக் காரணமாயிற்று. பின்னர், 1848 ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது அவ்விகாரையின் நூல் நிலையம் அழிந்தது. எனினும் திரிபிடகம் அழியவில்லை. பிறவிடங்களிற் படிகள் பல இருந்தன. 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் அச்சேறியவற்றை மீண்டும் தேடிப் பெறுதல் கூடும். ஒற்றைப் படியாக இருந்த ஏட்டுச் சுவடிகளை எங்கே சென்று தேடுவது?

இவ்வினா இன்று நம் வீட்டு மேசைக்கே வந்துவிட்டது. ஆசிரியரின் பாடக்குறிப்பும், மாணவரின் ஆய்வுக் கட்டுரையும், மறைந்த பெற்றோரின் நிழற்படமும் இன்று ஒரு கணினியின் வன்தட்டில் ஒற்றைப் படியாகவே உறைகின்றன. அவற்றைக் காக்கும் வகையை அறியாதார் நம்முட் பலர். அறிந்தோம் என்று எண்ணி ஏமாறுவோரோ அவரினும் பலர்.

ஏமாற்றத்துக்கு முதற்காரணம் குறுக்குவழி. கணினித் திரையில் ஒரு கட்டுரையின் பெயரோடு காணப்படும் சிறு படம் அக்கட்டுரையாகவும் இருக்கலாம். அதற்குச் செல்லும் வழியாகவும் இருக்கலாம். வழியாயின் படத்தின் இடப்பக்க மூலையில் வளைந்த அம்புக்குறி ஒன்று தோன்றும். அக்குறுக்குவழிக் கோப்பினுள்ளே, 'இன்ன வன்தட்டில், இன்ன கோப்புறையில், இன்ன பெயரில் தேடுக' என்னும் முகவரியே பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். ஆதலின் அதன் அளவு ஓரிரு கிலோபைட்டுக்கு மேற்படுவது அரிது. நூலக அட்டவணையிலுள்ள அட்டையைப் பையிலிட்டுக்கொண்டு நூலையே எடுத்துவந்தோம் என்று மகிழ்வார் உண்டோ? கணினியில் உண்டு.

எனக்குத் தெரிந்த மாணவியொருத்தி கம்பளையிலுள்ள தம் வீட்டில் இருந்து ஆய்வுக் கட்டுரை எழுதி வந்தார். பாதுகாப்புக் கருதி, திரையிலிருந்த அப்படத்தை வாரந்தோறும் பென் டிரைவிற் படியெடுத்தும் வந்தார். ஐப்பசி மாதத்து மாலை இடிமழையொன்றில் கணினியும் அதன் வன்தட்டும் பழுதுற்றன. பென் டிரைவைத் திறந்து பார்த்தபோது அதனுள் இருந்தது இரண்டு கிலோபைட் அளவினதாகிய ஒரு முகவரி மட்டுமே. மேற்பார்வையாளருக்கு மூன்று திங்களுக்கு முன் மின்னஞ்சலில் அனுப்பிய வரைவு ஒன்று எஞ்சியிருந்தமையால் அவர் முழுதும் இழந்தாரல்லர். மூன்று திங்கள் உழைப்பை மீண்டும் உழைத்தார்.

இதனாற் குறுக்குவழி தீதென்று கொள்ளற்க. அதன் பயனை அறிந்து கொள்வோர்க்கு அது காப்புக்கும் துணையாகும். கோப்புகள் திரையிலும் பதிவிறக்கப் பகுதியிலும் பென் டிரைவிலுமாகச் சிதறிக் கிடப்பதற்குக் காரணம், அவை கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும் என்னும் விருப்பமே. கோப்புகள் யாவற்றையும் 'டொக்கியுமென்ட்ஸ்' என்னும் ஒரே கோப்புறையில் வைத்து, அடிக்கடி வேண்டுவனவற்றுக்கு மட்டும் திரையிற் குறுக்குவழி அமைத்தால் அவ்விருப்பமும் நிறைவேறும். காக்கவேண்டிய இடமும் ஒன்றாகும். விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்தியவாறு கோப்பைத் திரைக்கு இழுத்தால் குறுக்குவழி உண்டாகும். அதன் 'புரொப்பர்ட்டீஸ்' பகுதியில் ஓர் எழுத்தைக் குறித்துவிட்டால், கண்ட்ரோல், ஆல்ட் ஆகியவற்றோடு அவ்வெழுத்தை அழுத்திய அளவில் கோப்புத் திறக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அச்சிடுங் கடைகளிற் பலர் கைபட்ட கணினியிற் செருகிய பென் டிரைவில், நம் கோப்புகள் மறைந்து குறுக்குவழிகள் மட்டுமே தோன்றுவதுண்டு. இது ஒருவகைத் தீநிரலின் செயல். கோப்புகள் பெரும்பாலும் அழிந்திரா, மறைக்கப்பட்டிருக்கும். பதற்றத்தில் அக்குறுக்குவழியை அழுத்துவதும், பென் டிரைவை 'ஃபார்மட்' செய்வதும் தவிர்க்கத்தக்கன. மறைந்த கோப்புகளைக் காட்டும் அமைப்பை இயக்கி, அவற்றை மீட்டபின் தீநிரலை நீக்குக.

இனிக் காப்புப்படி. நம்மவரிடையே பரவியுள்ள மற்றொரு மயக்கம், சி என்னும் பகுதியிலுள்ளதை டி என்னும் பகுதியிற் படியெடுத்துவிட்டால் போதும் என்பது. பல வீட்டுக் கணினிகளில் இவ்விரண்டும் ஒரே வன்தட்டின் இரு பிரிவுகள். ஒரே பெட்டியின் இரண்டு அறைகள். பெட்டி எரிந்தால் இரண்டும் எரியும். படி என்பது வேறொரு பொருளில் இருத்தல் வேண்டும்.

அப்படியை நாமே எடுப்போம் என்பார் உறுதி பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்கு மேல் நிலைப்பதில்லை, என்னுடையதும் அவ்வாறே. எனவே அப்பணியைக் கணினியிடமே ஒப்படைத்தல் நன்று. விண்டோஸில் 'ஃபைல் ஹிஸ்டரி' என்னும் வசதி உண்டு. வெளி வன்தட்டொன்றை இணைத்து அதனை இயக்கிவிட்டால், மாற்றமுற்ற கோப்புகளை மணிக்கொருமுறை தானே படியெடுக்கும். முந்தைய வடிவங்களையும் உடன் வைக்கும். ஆனால் அது டொக்கியுமென்ட்ஸ், படங்கள், திரை முதலிய சில இடங்களையே இயல்பாகக் கவனிக்கும். டி பகுதியில் நாம் தனியே வகுத்த கோப்புறையை அதனோடு சேர்த்தாலன்றி அது படியெடுக்கப்படாது. அப்பிள் கணினிகளில் 2007 ஆம் ஆண்டு முதல் அமைந்துள்ள 'டைம் மெஷின்', கடந்த 24 மணி நேரத்துக்கு மணிதோறும் ஒரு படி, கடந்த ஒரு மாதத்துக்கு நாள்தோறும் ஒரு படி, அதற்கு முந்தைய காலத்துக்கு வாரந்தோறும் ஒரு படி எனப் பேணி, இடம் நிறைந்ததும் மிகப் பழையதை நீக்கும்.

தானியங்கும் முறையின் நலமே அதன் குறையுமாம் என்பதை ஈண்டு நோக்குதல் வேண்டும். தானே படியெடுக்க வேண்டுமாயின் வெளி வன்தட்டு எந்நேரமும் கணினியோடு இணைந்திருத்தல் வேண்டும். இணைந்திருப்பின் கணினிக்கு வரும் கேடு அதற்கும் வரும். மின்னல் தாக்கினும் இரண்டையும் தாக்கும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் புகுந்தாலும் இரண்டினும் புகும். இதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மேகச் சேமிப்பு இத்தகைய தாக்குதலுக்கு உள்ளாயிற்று. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளுக்குரிய, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவுகள் இழக்கப்பட்டன. இணைப்பிலிருந்த காப்புப்படியும் உடன் பூட்டப்பட்டது. அக்காலத்துக்குரிய இணைப்பற்ற படி இல்லை. அமைச்சரவை அலுவலகமும் பாதிக்கப்பட்டவற்றுள் ஒன்று. ஆகவே தானியங்கும் வன்தட்டு ஒன்று, வாரம் ஒருமுறை மட்டும் இணைத்து எடுத்தபின் அலுமாரியில் வைக்கும் வன்தட்டு வேறொன்று என இரண்டு வைத்தலே தக்கது.

கூகுள் டிரைவ், வன் டிரைவ் முதலியன வேறொரு வகையின. இவற்றின் முதன்மைப் பணி பல கருவிகளிலுள்ள கோப்புகளை ஒருநிலைப்படுத்துதல். அவ்வாறு இணைத்த கோப்புறையில் ஒன்றை அழித்தால், அவ்வழிவும் எங்கும் பரவும்; குப்பைக்கூடையில் 30 நாள் இருந்து பின் நீங்கும். எனினும் அவை தரும் பெருநன்மை தொலைவு. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளியோடு வந்த வெள்ளமும் மண்சரிவும் கண்டி மாவட்டத்தை வருத்தியதை நாம் மறந்திலோம். வீடு சரியும்போது மேசையும் அலுமாரியும் ஒருங்கே சரியும்.

தொலைவிலுள்ள படியின் பெருமையைக் கண்டியின் வரலாறே காட்டும். ஈழத்துப் பௌத்தத் துறவு மரபு இடைக்காலத்திற் சீயத்துக்குச் சென்று வேரூன்றியது. பின்னர் இங்கே உபசம்பதை வழக்கற்றுப்போயிற்று. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், 1753 ஆம் ஆண்டில், அயுத்தியாவிலிருந்து வந்த உபாலி தேரர் அதனைக் கண்டியில் மீண்டும் நிறுவினார். 14 ஆண்டுகள் கழிந்து, 1767 இல், அயுத்தியா நகரமே பர்மியர் படையெடுப்பால் அழிந்தது. சிறிது தாழ்த்திருந்தால் என்னாகியிருக்கும் என்று எண்ணாதிருக்க இயலவில்லை.

இறுதியாக, எடுத்த படி திறக்கின்றதா என்பதைப் பார்த்தறிதல் வேண்டும். மூன்று திங்களுக்கு ஒருமுறை, படியிலிருந்து ஒரு கோப்பை வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து பார்த்தல் போதும். தமிழில் எழுதுவோர்க்கு இது மிக இன்றியமையாதது. நம் பழைய கட்டுரைகள் பல பாமினி எழுத்துருவிலே தட்டச்சானவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் கோப்புப் பழுதின்றித் திறந்தாலும், ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த பொருளற்ற வரிகளே தோன்றும். எழுத்துருவையும் உடன் படியெடுத்து வைக்கலாம்; ஒருங்குறிக்கு மாற்றி வைத்தல் அதனினும் நன்று. மேலே கூறிய மாணவியின் பழைய வரைவும் பாமினியிலேயே இருந்தது. அதனை என் கணினியில் முதன்முதல் திறந்தபோது அவர் முகம் வாடியது. எழுத்துருவை நிறுவியபின், எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தமிழாயின.