செல்போனும் கல்லாப்பெட்டிதான்!

கல்லாவைப் பூட்டாமல் கடையை விட்டு இறங்கும் வியாபாரி யாரும் இல்லை. இரவு ஷட்டரை இறக்கிப் பூட்டிய பிறகும் ஒரு முறை பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறோம். ஆனால் அதே நாம், தராசுக்குப் பக்கத்தில் செல்போனை வைத்துவிட்டு, மூட்டை எடுக்கக் குடோனுக்குள் போய் வருகிறோம். கூட்ட நேரத்தில் மேல் தட்டுச் சரக்கை எடுக்கத் திரும்பும் அரை நிமிடம் போதும், போன் கைமாறிவிடும்.

2016-ஆம் ஆண்டு யு.பி.ஐ. முறை வந்தது. அதன் பிறகு நம் வியாபாரத்தின் பெரும்பகுதி இந்தச் சின்னக் கருவிக்குள் போய்விட்டது. வங்கிக் கணக்கு, வாடிக்கையாளர் கடன் பாக்கி, மொத்த வியாபாரிகளின் எண்கள், ஜி.எஸ்.டி. தளத்துக்கு வரும் ஓ.டி.பி. எல்லாம் அதில்தான். ஆகவே பத்தாயிரம் ரூபாய் போன் தொலைந்தால் நஷ்டம் பத்தாயிரத்தோடு நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

திருடனுக்கு வேண்டியது எது?

போனுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறோம், யு.பி.ஐ. பின் நமக்கு மட்டுமே தெரியும், பிறகு என்ன பயம் என்று பலர் கேட்கிறார்கள். பூட்டுப் போட்ட போனிலிருந்தும் சிம் கார்டைக் கழற்ற முடியும். அதை வேறு போனில் போட்டால் நம் எண்ணுக்கு வரும் ஓ.டி.பி. எல்லாம் அந்தப் போனுக்கு வந்துவிடும்.

யு.பி.ஐ. பின்னைப் புதிதாக அமைக்க என்ன தேவை? டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கம், கார்டு முடியும் மாதம், வருடம், பிறகு ஓ.டி.பி. சில வங்கிகளில் ஏ.டி.எம். பின்னும் கேட்பார்கள். ஆதார் எண்ணையும் ஓ.டி.பி.யையும் கொண்டு அமைக்கும் வழியும் உண்டு. இப்போது நம் போனின் போட்டோக்களைப் பாருங்கள். டெபிட் கார்டின் இரு பக்கமும், ஆதார், பான், வங்கிப் பாஸ்புத்தகம் என்று எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்திருப்போம். ஆடிட்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகலும் அப்படியே இருக்கும். சிம் ஒரு சாவி, இந்தப் படங்கள் மறு சாவி. இரண்டும் ஒரே கையில் சேர்ந்தால் பழைய பின் தெரியாமலேயே புதிய பின் போட வழி பிறக்கிறது.

இன்றே செய்ய வேண்டியவை

1. போனுக்கு ஆறு இலக்கப் பூட்டு எண் வையுங்கள். பிறந்த தேதி, கடை வாகன எண் வேண்டாம். வாடிக்கையாளர் எதிரில் கோடு இழுத்துத் திறக்கும் பூட்டை எவரும் பார்த்து மனப்பாடம் செய்துவிடலாம். போன் பூட்டு எண்ணும் யு.பி.ஐ. பின்னும் ஒன்றாக இருக்கவே கூடாது.

2. சிம் கார்டுக்கும் பூட்டு உண்டு. போனின் செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதியில் 'சிம் லாக்' என்று இருக்கும். இதைப் போட்டுவிட்டால், சிம்மை வேறு போனில் மாற்றியதும் எண் கேட்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை. முதல் முறை போடும்போது சிம்மின் பழைய எண்ணைக் கேட்கும். உத்தேசமாக அடிக்காதீர்கள், மூன்று முறை தவறினால் சிம் முடங்கி, 'பக்' என்னும் எண் தேவைப்படும். கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

3. பூட்டிய திரையில் குறுஞ்செய்தி தெரியாதபடி அமையுங்கள். இல்லாவிட்டால் போனைத் திறக்காமலே ஓ.டி.பி.யைப் படித்துவிடலாம்.

4. கார்டு, ஆதார் படங்களை அழியுங்கள். போட்டோவில் அழித்தது சில நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும். அங்கேயும் அழிக்க வேண்டும். 'அம்மா', 'பால் கணக்கு' என்ற பெயர்களில் ஏ.டி.எம். எண்ணைச் சேமித்து வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

5. வாட்ஸ்அப்பில் 'இரண்டு கட்டச் சரிபார்ப்பு' என்னும் ஆறு இலக்க எண்ணைப் போடுங்கள். நம் சிம்மை வைத்து நம் பெயரில் வாட்ஸ்அப் திறந்து, மொத்த வியாபாரியிடமும் சொந்தக்காரரிடமும் "அவசரமாகப் பணம் அனுப்புங்கள்" என்று கேட்பதை இது தடுக்கும்.

6. *#06# என்று அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. என்னும் 15 இலக்க எண் வரும். இரண்டு சிம் போனுக்கு இரண்டு எண்கள். அவற்றையும் வங்கி, சிம் கம்பெனி உதவி எண்களையும் கூகுள் கணக்கின் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதி, போன் வாங்கிய பில்லோடு வீட்டுப் பீரோவில் வையுங்கள்.

7. கடன் பாக்கிக் கணக்கை வாரம் ஒரு முறையாவது பேரேட்டிலோ இன்னொரு கம்ப்யூட்டரிலோ பதிந்து வையுங்கள். போன் திரும்பக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கணக்குப் போனால் பாக்கியை யாரிடம் போய்க் கேட்பது?

யு.பி.ஐ. லைட் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் உள்ள பணத்தைப் பின் இல்லாமலே செலுத்தலாம். 2024 டிசம்பரில் ரிசர்வ் வங்கி அதன் வரம்பை ஒரு தடவைக்கு 1,000 ரூபாயாகவும், மொத்த இருப்பு 5,000 ரூபாயாகவும் உயர்த்தியது. போன் திறந்திருந்தால் அந்தப் பணம் சட்டைப் பையில் உள்ள சில்லறைக்குச் சமம். தேவைக்கு மேல் அதில் போட வேண்டாம்.

பணம் வந்ததா என்று பார்க்கக் கடைப் பையனிடம் நம் போனைக் கொடுப்பதும் நல்லதல்ல. அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் போன் நாலு கை மாறும்போது யாருக்கும் பொறுப்பு இல்லாமல் போகிறது. ஒலிபெருக்கிப் பெட்டி வைத்தால் அந்தத் தேவையே இல்லை. வங்கிக் கணக்கு உள்ள போனைக் கழுத்துக் கயிற்றிலோ பூட்டிய மேஜையிலோ வையுங்கள்.

போன் போய்விட்டால்: வரிசை முக்கியம்

போனைக் காணோம் என்றதும் தெருவெல்லாம் தேடி அரை நாளைக் கழிப்பவர்களே அதிகம். தேடுவதைப் பையனிடம் விட்டுவிட்டு, அடுத்த கடைக்காரர் போனை வாங்கி இந்த வரிசைப்படி செய்யுங்கள்.

முதலில் சிம் கம்பெனி. எண்ணை முடக்கச் சொல்லுங்கள். அடுத்து வங்கி. யு.பி.ஐ., நெட் பேங்கிங், டெபிட் கார்டு மூன்றையும் நிறுத்தச் சொல்லிப் புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறுவதற்குள் தடுத்தால்தான் மீட்கும் வாய்ப்பு அதிகம்.

மூன்றாவதாக, வேறு கருவியிலிருந்து நம் கூகுள் கணக்கில் நுழைந்து 'ஃபைண்ட் ஹப்' மூலம் போனைப் பூட்டலாம், உள்ளே இருப்பதை அழிக்கலாம். ஐபோனுக்கு 'ஃபைண்ட் மை'. போன் இணையத்தில் இருந்தால்தான் கட்டளை போய்ச் சேரும். அழித்த பிறகும் அந்தப் போனை நம் கணக்கிலிருந்து நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் அடுத்தவர் அதைப் புதுப் போனாகப் பயன்படுத்த வழி கிடைத்துவிடும்.

பிறகு காவல் நிலையம். புகார் கொடுத்து மனு ஏற்பு ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். அடையாள அட்டையைக் காட்டி அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்குங்கள். மாற்று சிம்மில் முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது. மோசடியைத் தடுக்கவே இந்த ஏற்பாடு, பதற வேண்டாம். அதன்பின் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் ரசீதையும் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் பதிந்தால், இந்தியாவில் எந்தக் கம்பெனி சிம் போட்டாலும் அந்தப் போன் இயங்காதபடி முடக்குவார்கள். 2023 மே மாதம் முதல் நாடு முழுவதும் இந்த வசதி உண்டு. போன் கிடைத்துவிட்டால் அதே தளத்தில் முடக்கத்தை நீக்கிக்கொள்ளலாம்.

இதற்கிடையே கடை நிற்க வேண்டியதில்லை. ஒட்டி வைத்த கியூ.ஆர். அட்டைக்கு வரும் பணம் வழக்கம்போல் நம் கணக்கில் சேரும். "உங்கள் போன் கிடைத்துவிட்டது, இந்த இணைப்பைத் திறந்து கடவுச்சொல்லைப் போடுங்கள்" என்று செய்தி வந்தால் மட்டும் நம்பாதீர்கள். அது இரண்டாவது திருட்டு.

சொன்ன நேரமே சாட்சி

வங்கியில் எப்போது தெரிவித்தோம் என்பது பெரிய விஷயம். 2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனாலும், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை உள்ள நஷ்டம்தான் அவருடையது. தெரிவித்த பிறகு ஏற்படும் நஷ்டம் வங்கியைச் சேரும். மாலை நாலு மணிக்குப் போன போனுக்கு மறுநாள் காலை பத்து மணிக்குப் புகார் சொன்னால், இடையில் உள்ள பதினெட்டு மணி நேரமும் நம் தலையில்தான்.

பழைய போன் வாங்குவோர் கவனிக்க

கடைக்கென்று மலிவாகப் பழைய போன் வாங்கும்போது பில்லைக் கேளுங்கள். கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, இடைவெளி விட்டு ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அந்தப் போனின் விவரம் வரும். முடக்கப்பட்ட போன் என்று வந்தால் தொடவே வேண்டாம். திருட்டுச் சரக்கை வாங்க ஆள் இருக்கும் வரை திருட்டும் இருக்கும் என்பது வியாபாரிகளான நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மேலே சொன்ன ஏழு காரியங்களுக்கும் காசு செலவில்லை. மதிய நேரம் கடையில் கூட்டம் குறைந்திருக்கும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கினால் முடிந்துவிடும். கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்யுங்கள். ஷட்டரை இழுத்துப் பார்க்கும் அதே அக்கறையைப் போனுக்கும் காட்டுவோம்.