கீழடுக்கின் உயரம்: கே. ஆர். இராமநாதனின் 1929ஆம் ஆண்டு ஆய்வும் விருத்தாசல வானமும்

முன்னுரை

புவியைச் சூழ்ந்துள்ள வளிமண்டலம், உயரத்தோடு வெப்பநிலை மாறும் முறையைப் பெரிதும் அடிப்படையாகக் கொண்டு கீழடுக்கு, மீள் அடுக்கு, இடையடுக்கு, வெப்ப அடுக்கு, வெளியடுக்கு என ஐந்தாகப் பகுக்கப்படுகிறது. உலர்ந்த காற்றில் நைட்ரஜன் 78 விழுக்காடும் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 விழுக்காடும் ஆர்கான் 0.93 விழுக்காடும் உள்ளன. இம்மூன்றின் விகிதம் சுமார் 80 கி.மீ. உயரம் வரை பெரிதும் மாறுவதில்லை. இவை யாவரும் அறிந்தவையே. எனினும், அடுக்குகளை விளக்கும் படங்களில் கீழடுக்கின் மேல் எல்லை பெரும்பாலும் 11 அல்லது 12 கி.மீ. உயரத்தில் ஒரே நேர்கோடாக வரையப்படுகிறது. உலகச் சராசரி போலத் தோன்றும் அக்கோடு, உண்மையில் நடு அகலக்கோட்டு நாடுகளுக்கு உரியது, தமிழகத்திற்குப் பொருந்துவதன்று.

இராமநாதனின் கண்டறிவு

பாலக்காட்டுக் கல்பாத்தியில் 1893இல் பிறந்த கே. ஆர். இராமநாதன், இந்திய வானிலைத் துறையில் பணியாற்றியபோது, ஆக்ராவில் பறக்கவிடப்பட்ட ஆய்வு பலூன்களின் பதிவுகளை ஆராய்ந்தார். அவற்றைப் பிற நாட்டுப் பதிவுகளோடு ஒப்பிட்டு, 1929இல் 'நேச்சர்' இதழில் அவர் வெளியிட்ட முடிவு வியப்புக்குரியது. கீழ் வளிமண்டலத்தின் மிகக் குளிர்ந்த காற்று துருவங்களுக்கு மேலே இல்லை. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 17 கி.மீ. உயரத்தில், சுமார் 185 கெல்வின் வெப்பநிலையில், தட்டையான வளையமாகப் புவியைச் சுற்றி அமைந்துள்ளது என்றார் அவர்.

தரை மிகுதியாகச் சூடேறும் பகுதியில் மேல்வானம் மிகுதியாகக் குளிர்ந்திருப்பது முரணாகத் தோன்றலாம். காரணம் எளிது. பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் சூளையின் புகைபோக்கி வழியே வெப்பக் காற்று மேலெழுவதற்கும், அதனை அடுத்த கருவேப்பிலங்குறிச்சியின் வயல்வெளியில் நண்பகல் காற்று மேலெழுவதற்கும் அடிப்படை விதி ஒன்றே. மேலெழும் காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. அதிலுள்ள நீராவி மேகமாகச் சுருங்கும்போது வெளிவிடும் உள்ளுறை வெப்பம் காற்றை மேலும் உயரத் தள்ளுகிறது. வங்கக்கடலின் ஈரம் மிகுந்த இப்பகுதியில் அத்தள்ளுதல் வலியது.

சராசரியாகக் கிலோமீட்டருக்கு 6.5 பாகை செல்சியஸ் வீதம் வெப்பநிலை குறைகிறது எனக் கொள்வோம். தரையில் 15 பாகை உள்ள இடத்தில் 11 கி.மீ. உயரத்தில் −56.5 பாகை கிடைக்கும். பன்னாட்டுத் திட்ட வளிமண்டலத்தின் எண் இதுவே. தரையில் 30 பாகையும் எல்லை 17 கி.மீ. உயரத்திலும் இருப்பின், அங்கு −80 பாகையை ஒட்டி வரும். குளிர்ச்சிக்குக் காரணம் உயரமே என்பது இக்கணக்கிலேயே விளங்கும். அதற்கு மேல் ஓசோன் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சுவதால் வெப்பநிலை மீண்டும் உயர்கிறது.

ஆகவே 11 கி.மீ. உயரத்தில் செல்லும் விமானம் ஐரோப்பிய வானில் பல வேளைகளில் மீள் அடுக்கைத் தொட்டுவிடுகிறது. விருத்தாசலத்துக்கு மேலே அதே உயரத்தில் அது கீழடுக்கிலேயே இருக்கிறது. அதற்கும் மேலே இடிமேகம் வளர இன்னும் 5 கி.மீ. இடமுண்டு.

குளிர்வளையமும் நீராவியும்

வெப்பமண்டலத்தின் இவ்வுயர்ந்த எல்லை வளிமண்டல இயைபையும் வரையறுக்கிறது. தரையருகே 4 விழுக்காடு வரை இருக்கக்கூடிய நீராவி, மீள் அடுக்கில் பத்து இலட்சத்தில் சில பங்காகக் குறைந்துவிடுகிறது. இங்கிலாந்துக்கு மேலே அளந்தறிந்த இவ்வறட்சியைக் கொண்டு, மீள் அடுக்கினுள் காற்று நுழையும் வாயில் வெப்பமண்டலமே என்று ஆலன் புரூவர் 1949இல் உய்த்துணர்ந்தார். இராமநாதன் சுட்டிய குளிர்வளையத்தைக் கடக்கும்போது நீராவி பனித்துகளாக உறைந்து உதிர்ந்துவிட, உலர்ந்த காற்று மட்டுமே மேலே சென்று, பின்னர் துருவங்களை நோக்கிப் பரவுகிறது.