கூரைக்குக் கீழே ஒரு கடைவீதி

பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்தவர்க்குப் புதிய நகரத்தை முதலில் அறிமுகம் செய்து வைப்பது கடைவீதியே. கல்கத்தா மாநகரில் (2001 முதல் அதன் பெயர் கொல்கத்தா) லிண்ட்ஸே தெருவிலுள்ள நியூ மார்க்கெட்டை இன்று ஒருமுறை சுற்றி வருவோம்.

இச்சந்தை பிறந்த காரணம் இனிமையானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நகரில் வாழ்ந்த ஆங்கிலேயர், இந்தியரோடு தோளுரசிப் பொருள் வாங்க விரும்பவில்லை. தமக்கெனத் தனிச் சந்தை கேட்டனர். நகராட்சியார் அதற்கு இணங்கினர். கிழக்கிந்திய ரயில்வேயைச் சேர்ந்த ரிச்சர்ட் ரோஸ்கெல் பேன் என்னும் சிற்பி வரைபடம் அமைத்தார். செங்கல்லால் எழுந்த அந்தக் கட்டடம் 1874 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. நகராட்சித் தலைவராயிருந்த ஸ்டூவர்ட் ஹாக் என்பவரின் பெயர் 1903இல் அதற்குச் சூட்டப்பட்டது. ஆயினும் மக்கள் நாவில் நிலைத்தது 'நியூ மார்க்கெட்' என்பதே.

உள்ளே நுழைந்தால் வெயிலும் மழையும் வெளியே நின்றுவிடும். தெருக்களைப் போலவே நடைவழிகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வோம்! பூக்கடைகள் ஓரிடம், துணிக்கடைகள் ஓரிடம், இறைச்சிக்கும் மீனுக்கும் வேறிடம் எனத் தொழில்வாரியாகக் கடைகள் அமைந்திருப்பதால், மூக்கும் காதுமே பாதி வழியைச் சொல்லிவிடும். தலையில் பெரிய கூடை சுமக்கும் ஆட்கள் நம் சாமான்களைத் தாங்கிக் கடை கடையாகக் கூட வருவது இங்குள்ள பழைய வழக்கம்.

இச்சந்தையில் நாகூம் என்னும் யூதக் குடும்பத்தாரின் ரொட்டிக் கடை ஒன்று உண்டு. அவர்கள் இத்தொழிலைத் தொடங்கியது 1902இல். இன்று இந்நகரில் யூதர் மிகச் சிலரே. ஆனால் டிசம்பர் மாதத்தில், கிறிஸ்துமஸ் கேக் வாங்க, இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் அக்கடை முன் ஒரே வரிசையில் நிற்கின்றனர். மனிதரைப் பிரித்து வைக்கக் கட்டிய கூரை, எல்லாரையும் சேர்த்து வைக்கும் கூரையாகிவிட்டது.

1985 டிசம்பரில் பெருந்தீ மூண்டு சந்தையின் ஒரு பகுதியை அழித்தது. அவ்விடத்தில் புதிய கட்டடம் எழுந்தது. எஞ்சிய பழைய பகுதியும் மணிக்கூண்டும் இன்றும் நிற்கின்றன. இத்தகைய பழங்கட்டடங்களைக் காப்பது எளிதன்று. நெருக்கமான கடைகள், தொங்கும் மின்கம்பிகள், வழியை அடைக்கும் சரக்கு மூட்டைகள் ஆகிய ஒவ்வொன்றும் தீக்கு உறவு. நடைவழியைத் திறந்து வைப்பதே முதற் காவல்.

லேக் மார்க்கெட் வட்டாரத்தில் நெடுங்காலமாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் காய்கறியும் காப்பித்தூளும் வாங்க இவ்வளவு தூரம் வரவேண்டியதில்லை. எனினும், ஒரு நாள் மாலை குழந்தைகளோடு இங்கே வாருங்கள். குடியேறிய நகரத்தின் வரலாற்றை அறிந்தவருக்கு அந்நகரம் அந்நியமாயிராது.