ஒரு கோடி டாலர் கோலியை பெஞ்சில் உட்கார வைக்கலாமா?

காலேஜ் டாப்பர்... ஆனா இந்த செமஸ்டர் மார்க் ரொம்ப சுமார். இன்டர்-காலேஜ் போட்டிக்கு அவரை அனுப்புவீங்களா? இல்ல, போன மாசம் திடீர்னு கலக்கின பின் பெஞ்ச் பார்ட்டியையா?

2023 ஏப்ரலில், அமெரிக்காவின் ஃப்ளோரிடா பேந்தர்ஸ் ஐஸ் ஹாக்கி டீமுக்கு இதே தலைவலிதான்!

டீமின் கோலி, ரஷ்யாவின் செர்கெய் பாப்ராவ்ஸ்கி. வயசு 34. சிறந்த கோலிக்கான வெஸினா விருதை 2013, 2017-னு ரெண்டு தடவை தட்டினவர். 2019-ல் 7 வருஷத்துக்கு 7 கோடி டாலர்னு ஒப்பந்தம். 2022-23 சீஸனில் ஒரு டீமின் மொத்தச் சம்பளத்துக்கே உச்சவரம்பு 8.25 கோடி டாலர். அதில் ஒரு கோடி இவர் ஒருத்தருக்கே!

ஆனா ஃபார்ம்? நூறு ஷாட் வந்தா சராசரியா 90-ஐத்தான் தடுத்தார். கடைசி நேரத்தில் உடம்பு வேற படுத்த, சின்ன லீக்குகளிலேயே காலம் தள்ளிய அலெக்ஸ் லயன் உள்ளே வந்தார். வரிசையா 6 வெற்றி! டீம் தட்டுத் தடுமாறி ப்ளே-ஆஃபுக்குள் நுழைந்தது.

'ஜெயிக்கிற குதிரையை ஏன் மாத்தணும்?'னு ஒரு கோஷ்டி. 'பெரிய மேட்ச்சுக்கு அனுபவம் வேணாமா?'னு இன்னொரு கோஷ்டி. கோச் பால் மாரிஸ் ஃபார்முக்கே ஓட்டுப் போட்டார். முதல் மேட்ச்சில் லயன்!

எதிரே பாஸ்டன். அந்த சீஸனில் 65 வெற்றி, 135 பாயின்ட்னு சரித்திர சாதனை படைச்ச டீம். மூணாவது மேட்ச்சில் லயன் திணற, நடுவிலேயே பாப்ராவ்ஸ்கி இறங்கினார். நாலாவதும் போச்சு. 3-1னு பின்தங்கியாச்சு. ஆனாலும் கோச் அவரை மாத்தலை. அடுத்த மூணும் ஃப்ளோரிடாவுக்கே! அரையிறுதியில் கரோலினாவோடு நாலாவது ஓவர்டைம் வரை இழுத்த மேட்ச்சில் 63 ஷாட்டைத் தடுத்தார் மனுஷன்.

உடனே 'சம்பளம்தான் ஜெயிச்சது'னு விசில் அடிக்காதீங்க. ஃபைனலில் வேகாஸிடம் 4-1னு தோல்வி. கடைசி மேட்ச்சில் மட்டும் 9 கோல் விழுந்தது. கோப்பை வந்தது அடுத்த வருஷம், 2024-ல். 2025-லும் அதே கோப்பை, அதே கோலி!

மாரிஸ் ரெண்டு முறையும் பார்த்தது சம்பளச் சீட்டை இல்ல, 'நாளைக்கு யார் தடுப்பாங்க?'ங்கிற கேள்வியை. ஃபார்ம் போகும், வரும். ஆனா பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதும் ரெடியா இருக்கிறவனுக்குத்தான் மதிப்பு.

சரி, உங்க டீமா இருந்தா முதல் மேட்ச்சில் யாரை இறக்குவீங்க? கேன்டீனில் ஆரம்பிங்க பாஸ்!