பழைய லேப்டாப்புக்கு எந்தக் கிளை?

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கும் லேப்டாப் வந்து சேர்ந்தது. அன்று கொடுத்தவற்றில் விண்டோஸ் 7 உடன் ‘பாஸ்’ என்ற லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. பாஸ், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவானது. டெபியன் என்ற லினக்ஸ் வகைதான் அதற்கு அடித்தளம்.

விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2020 ஜனவரி 14-இல் நின்றது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல். அதற்கு மேல் புதிய விண்டோஸைத் தாங்காத கணினியை இன்னும் சில வருஷம் ஓட்ட நினைப்பவர்கள் லினக்ஸ் பக்கம் வருகிறார்கள். வந்ததும், டெபியனில் எந்தக் கிளையைப் பிடிப்பது என்று திகைக்கிறார்கள்.

டெபியனில் முக்கியமாக மூன்று கிளைகள்: அன்ஸ்டேபிள், டெஸ்டிங், ஸ்டேபிள். புது மென்பொருள் முதலில் அன்ஸ்டேபிளில் இறங்கும். சில நாள் பெரிய பழுது எதுவும் தென்படவில்லை என்றால் டெஸ்டிங்குக்கு நகரும். ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை டெஸ்டிங்கில் புது வரவை நிறுத்தி, பழுதுகளை மட்டும் நீக்கி, ஸ்டேபிளாக வெளியிடுவார்கள். வெளியீடுகளுக்கு ‘டாய் ஸ்டோரி’ படத்துப் பாத்திரங்களின் பெயர். அன்ஸ்டேபிளுக்கு என்றைக்கும் ‘சிட்’, பொம்மைகளை உடைக்கும் அந்தப் பையன்.

நடுவில் இருப்பதால் டெஸ்டிங்தான் பத்திரம் என்று பலரும் நம்புகிறார்கள். அது தவறு. பாதுகாப்புத் திருத்தங்கள் ஸ்டேபிளுக்கு உடனுக்குடன் போகும், டெஸ்டிங்குக்குத் தாமதமாகலாம்.

2024 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். கோப்புகளைச் சுருக்கும் ‘எக்ஸ்இசட்’ என்ற சிறு மென்பொருளின் புதிய பதிப்புகளில் யாரோ கள்ளவழி ஒன்றைப் புதைத்திருந்தார்கள். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகப் பிடிக்கிறதே என்று துருவிய ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்து, 29-ஆம் தேதி உலகுக்குச் சொன்னார். அதற்குள் அந்தப் பதிப்பு டெபியனின் அன்ஸ்டேபிளுக்கும் டெஸ்டிங்குக்கும் வந்துவிட்டிருந்தது. ஸ்டேபிளில் இருந்தது பழைய பதிப்பு, அது தப்பியது.

அரை நொடியைக் கவனித்துத் துருவ நம்மில் எத்தனை பேரால் முடியும்? கடைக்கு பில் போடவும் பிள்ளை படிக்கவும் உள்ள ஒரே கணினியில் ஸ்டேபிளைத்தான் போட வேண்டும். மென்பொருள் எழுதிப் பழகுபவர்கள், கையில் இன்னொரு கணினி இருந்தால், மற்ற கிளைகளைத் தாராளமாகப் பார்க்கலாம்.

ஸ்டேபிளிலும் குறை உண்டு. நேற்று வாங்கிய லேப்டாப்பின் வைஃபை அதில் வேலை செய்யாமல் போகலாம். பழைய கணினிக்குச் சிக்கல் வேறு மாதிரி: 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ 32 பிட் கணினியில் நிறுவ வழியில்லை. அவ்வகைக் கணினிகளுக்கு 12-ஏ கடைசி. பொதுவாக ஒரு வெளியீட்டுக்கு மூன்று ஆண்டு முழு ஆதரவு, பிறகு இரண்டு ஆண்டு நீட்டிப்பு. ஆகவே நிறுவுமுன் அந்த ஐந்தில் எத்தனை மிச்சம் என்று கணக்குப் பார்ப்பது நல்லது.

பதிப்பு மாற்றுவதற்கும் நேரம் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் காசிமேட்டு விசைப்படகுகளுக்கு இன்ஜின் வேலை பார்ப்பார்கள். நடுக்கடலில் யாரும் இன்ஜினைப் பிரிப்பதில்லை. அதேபோல் தேர்வும் வியாபார நெருக்கடியும் இல்லாத வாரத்தில், கோப்புகளை வேறொரு டிரைவில் நகலெடுத்துவிட்டுத் தொடங்கலாம். டெபியன் 11-இல் இருப்பவர்கள் 13-க்கு ஒரேயடியாகத் தாவக்கூடாது. முதலில் 12-க்குப் போய், அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்த பிறகே அடுத்ததற்கு ஏற வேண்டும்.