உங்களுக்குத் தெரியுமா? கைக்கு ஏற்ற கணினி

● ‘விஐ’, ‘விம்’ எடிட்டர்களில் நிரல் எழுதுபவர்கள் கர்சரை நகர்த்த ஹெச், ஜே, கே, எல் என்ற நான்கு எழுத்துகளைத் தட்டுவார்கள். ஏன் இந்த நான்கு? 1976-இல் பெர்க்லியில் பில் ஜாய் விஐ-யை எழுதியபோது அவர் முன்னால் இருந்தது ஏடிஎம்-3ஏ டெர்மினல். அதில் அம்புக்குறிகளுக்குத் தனி விசை இல்லை. இந்த நான்கு எழுத்துகளின் மேலேயே அம்புகளை அச்சிட்டிருந்தார்கள். இன்று டேப் விசை இருக்கும் இடத்தில் அதில் எஸ்கேப் இருந்தது. விஐ-யில் அடிக்கடி எஸ்கேப் தட்ட வேண்டியிருப்பது அன்று யாருக்கும் சுமையாகத் தெரியாததற்குக் காரணம் அதுதான். யுனிக்ஸில் ஹோம் டைரக்டரியைக் குறிக்கும் ‘~’ குறியும் அதே பலகையில் ‘ஹோம்’ என்ற சொல்லோடு ஒரே விசையில் இருந்தது.

● 1988-இல் வெளிவந்த நெக்ஸ்ட் கணினி, ஓரடி நீள அகலமுள்ள கறுப்புப் பெட்டி. விலை 6,500 டாலர். விற்பனையில் தோற்றது. ஆனால் அதை வாங்கியவர்கள் யார் என்று பாருங்கள்! 1990-இல் ஜெனீவாவில், செர்ன் ஆய்வகத்தில், டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் வெப் பிரவுசரையும் முதல் வெப் சர்வரையும் எழுதியது இதில்தான். யாராவது அணைத்துவிடப் போகிறார்களே என்று, ‘இது சர்வர், அணைக்காதீர்கள்’ எனச் சிவப்பு மையில் கையால் எழுதி அதன் மேல் ஒட்டிவைத்தார். 1993-இல் வந்த ‘டூம்’ விளையாட்டு ஓடியது டாஸ் கணினிகளில். அதை ஜான் கார்மாக் குழுவினர் உருவாக்கியது நெக்ஸ்டில்.

● ‘டாய் ஸ்டோரி’ (1995) படத்தின் காட்சிகளை ரெண்டர் செய்ய இராப்பகலாக உழைத்தவை 117 சன் கணினிகள்.

● 1985-இல் வந்த அட்டாரி எஸ்டி கணினியில், இசைக்கருவிகளை இணைக்கும் மிடி துளைகள் பெட்டியிலேயே இருந்தன. தனி அட்டை வாங்கிச் செருக வேண்டாம். இசைக் கீபோர்டை நேரே மாட்டலாம். இந்த ஒரு வசதிக்காகவே இசைக் கலைஞர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். கியூபேஸ் இசை மென்பொருள் 1989-இல் முதலில் வந்ததும் இதற்குத்தான்.

● 2020 மே மாதம் லினக்ஸின் தந்தை லினஸ் டார்வால்ட்ஸ் புது டெஸ்க்டாப்புக்கு மாறினார். அதில் இருந்தது 32 கோர் கொண்ட ஏஎம்டி த்ரெட்ரிப்பர் பிராசஸர். சுமார் 15 ஆண்டுகளில் இன்டெல் அல்லாத அவருடைய முதல் டெஸ்க்டாப். கம்பைல் வேலை மூன்று மடங்கு விரைவானது. ஆனால் கொரோனா காலத் தட்டுப்பாட்டில் பிழை திருத்தும் இசிசி ரேம் கிடைக்காமல், சாதாரண ரேமைப் போட்டிருந்தார். இரண்டரை ஆண்டு ஒரு குறையுமில்லை. 2022 அக்டோபரில் ஒரு ரேம் கெட்டது. கெர்னலில்தான் பிழை என்று எண்ணித் தேடி அலைந்தார். மாற்று ரேம் வரும்வரை வேலை லேப்டாப்பில் நடந்தது. கணக்கு வழக்கையும் ஆய்வுத் தரவையும் கணினியை நம்பி ஒப்படைப்பவர்கள், கோர் எண்ணிக்கையைக் கேட்கும் முன் இசிசி உண்டா என்று கேளுங்கள். மதர்போர்டு, பிராசஸர் இரண்டுமே அதை ஏற்க வேண்டும்.

● நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் எழுதுவதற்கென்றே இணையத் தொடர்பில்லாத டாஸ் கணினி ஒன்றை வைத்திருக்கிறார். மென்பொருள், 1987-இல் வந்த வேர்ட்ஸ்டார் 4.0. மின்னஞ்சலுக்கு வேறு கணினி. சின்ன எழுத்தைத் தட்டினால் தானாகவே பெரிய எழுத்தாக மாற்றும் மென்பொருள் அவருக்கு ஆகாது.